சட்டையைப் பிடித்துத் தைத்தாள்

எங்கள் தீவின் கிட்டிப் பக்கத்தில் எந்தச் சாவு வீடானாலும் அடுப்படியில் கிளாரினாதான் நிற்பாள். பன்றிக்கறி வேகிற புகைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். புருஷன் ரென்ஸ்பர் மீன்பிடிக்கிறவன். நல்ல பாரி உடம்பு. தட்டு நிறையச் சோறும் மேலே டின் கறியும் இல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சர்க்கரை வந்து சில வருஷமாகியிருந்தது. அவன் அண்ணனுக்கும் அதே வியாதிதான். காலை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் பெட்டியில்தான் திரும்பி வந்தான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் நர்ஸ் இயொலாண்டா கோயில் கூடத்தில் காராத் வாழைப்பழத்தை அரிந்து வைத்துப் பேசினாள். உள்ளே ஆரஞ்சாக இருக்கிற அந்த நிறத்திலேயே சத்து இருக்கிறதாம். சோற்றையும் டின்னையும் குறைத்து இப்படி நிறமுள்ளதைச் சாப்பிடுகிறவர்களுக்கு எடை அவ்வளவாக ஏறுவதில்லை, உடம்புக்குள் புகைகிற அழற்சியும் குறைவாக இருக்கிறது என்றாள். இது மருந்து இல்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள். கிளாரினா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். ரென்ஸ்பர் முதல் பாதியை மட்டும் கேட்டான்.

"பல்லு முளைக்காத புள்ளைக்கு ஊட்டறதை எனக்குக் குடுக்கறியா?" என்று முதல் நாள் முறைத்தான்.

"உனக்கு மட்டும் புத்தி முளைச்சிருக்கா? தின்னுய்யா," என்றாள் அவள்.

தின்றான். காராத் தின்றால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அதை, ஆண்கள் கூடிப் போதைக்குச் சகாவு வேரைப் பிழிந்து குடிக்கிற இடத்தில் நாலு பேரிடம் சொல்லி, மருந்து வேலை செய்கிறது என்று அடித்துப் பேசினான். கிளாரினா வீட்டுக்குப் பின்னால் இருந்த களையையெல்லாம் அடித்துவிட்டுக் கன்று கன்றாக ஊன்றினாள். சோற்றைப் பாதியாக்கினாள். காயாக இருக்கும்போது அவித்தும், பழுத்ததைச் சூடான கல்லில் சுட்டும் கொடுத்தாள்.

அவன் இளைத்தான். முதலில் கன்னம், பிறகு வயிறு, பிறகு தோள். அவள் அவன் சட்டைகளையெல்லாம் எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். பிடித்துத் தைத்ததும் மறுபடி தொளதொளத்தது. கல்யாணத்தில் பார்த்த ஆளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவனும் பார்த்தான்.

அந்த நாட்களில் அவன் பவளப்பாறையில் நடக்கிற, பாதத்தை மூடிய ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. கேட்டதற்கு, பாறை கீறிவிட்டது, ஆறிக்கொண்டிருக்கிறது என்றான். அவள் நம்பினாள். மெலிந்து, மீன் பிடித்து, கேலி பேசிக்கொண்டிருக்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது?

ஒரு மத்தியானம் படகிலிருந்து இறங்கியவன் இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தூக்கி வந்து கரையில் கிடத்தினார்கள். கிளாரினா செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் நின்றவர்கள் நாற்றம் தாங்காமல் விலகினார்கள். அவள் மட்டும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கொலோனியா டவுன் ஆஸ்பத்திரியில், புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இனி காலை எடுத்தும் பயனில்லை. அவன் மாத்திரையை மாதக்கணக்கில் தொடவே இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"அண்ணனுக்கு எடுத்த மாதிரி எடுத்துடுவாங்கன்னு பயம். அப்புறம்... நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே கிளாரி. நான் எளைக்க எளைக்க நீ பாட்டுப் பாடுனே. அதைக் கெடுக்க மனசு வரல."

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

சாவுக்கு வழக்கம்போல அரிசி மூட்டைகளும் டின் பெட்டிகளும் வந்து குவிந்தன. அடுப்படியில் வேறு யாரோ நின்றார்கள். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்ததும் கிளாரினா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வாழைக்குள் நுழைந்தாள். துக்கம் கேட்க வந்த இயொலாண்டா பார்க்கும்போது மூன்று மரம் சாய்ந்திருந்தது.

"பழம் பொய்யா?" என்று கேட்டாள் கிளாரினா.

"பழம் பொய் இல்லக்கா. ஆனா அவர் எளைச்சது அதனால மட்டும் இல்ல. கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் அந்தப் புண்ணும் சேந்து அவரை உருக்கியிருக்கு. நான் வந்து காலைப் பாத்திருக்கணும்."

"உனக்குப் பாக்க ஊர்க்காலெல்லாம் இருக்கு. நான் பக்கத்துலயே படுத்திருந்தேனே."

இயொலாண்டா கத்தியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

வெகுநாள் கழித்து கிளாரினா தானாகவே ஒரு தார் பழத்தோடு கோயில் கூடத்துக்கு வந்தாள். பழம் வாங்க வந்த ஆண்களிடம், "மொதல்ல செருப்பைக் கழட்டு," என்றாள். ஒருத்தன் கேலி பேச வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக எடுத்து விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தாள். இயோசெப் என்ற தச்சனின் சுண்டுவிரலடியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. ஒன்றுமில்லை, ஆறிவிடும் என்றான் அவன். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அப்போதே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அந்த ஒரு விரலோடு போயிற்று. கால் பிழைத்தது.

சேதி கேட்டு அவளுக்கு முகம் மலர்ந்தது. இதை உடனே சொல்ல வேண்டும் என்று விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாசல்வரைக்கும் வந்த பிறகுதான், சொல்வதற்கு உள்ளே ஆள் இல்லை என்பது நினைவு வந்தது.