தனக்குத்தானே சாவி கொடுக்காத கோழி

அந்தக் கோழியை நான் எனக்காக வாங்கவில்லை. அண்ணன் மகளுக்கு இரண்டாவது பிறந்தநாள். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தட்டில் வைத்து விற்பவரிடம் வாங்கினேன். மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, சிவப்புக் கொண்டை, வாலுக்கு மேலே ஒரு சாவி. சாவி கொடுத்துத் தரையில் விட்டால் டக்டக்கென்று நடக்கும். மறுநாள் காலை எழுந்தால் காய்ச்சல், கழுத்தில் நாலு கொப்புளம். அம்மை.

"குழந்தை இருக்கற வீடு. தண்ணி ஊத்தற வரைக்கும் அங்கியே இரு," என்று அண்ணன் போனில் சொன்னான். தப்பில்லை. காவேரிப்பட்டினம் போக எடுத்து வைத்த பையை அவிழ்த்துவிட்டு, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற வாடகை அறையிலேயே படுத்துவிட்டேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் பைக்குகளுக்கு வயரிங் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். பலகையில் வயர்களை நிறம் பார்த்து அடுக்கி, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்டுகிற வேலை. அறைத்தோழி தூத்துக்குடிக்காரி, வேறு கம்பெனி. அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் என்னை விட்டுப் போகவில்லை. வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்பாள், மோரைக் கலக்கி வைப்பாள், ஷிப்டுக்குப் போய்விடுவாள். போனைப் பார்த்தால் கண் எரிந்தது. மிச்சம் இருந்தது அந்தக் கோழி மட்டும்தான்.

பொழுது போகாமல் அதன் நடையை எண்ணினேன். வெறும் தரையில் முப்பத்தொரு அடி. பாயின் மேல் விட்டால் பத்தொன்பது. குளியலறைப் பக்கம் தரை சரிவு, அங்கே விட்டால் வேகமாக ஓடிக் குப்புற விழும். ஒருநாள் மத்தியானம் அது கட்டிலுக்கு அடியில் போய் நின்றுவிட்டது. குனிந்து எடுக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. தலையணையில் கன்னத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலில் குறையில்லை, உள்ளே ஸ்பிரிங்கும் சரியாக இருக்கிறது. சாவியும் அதன் முதுகிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு எட்டாது.

கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் போனில் ஆடுகிற கேம்களை நானும் ஆடியிருக்கிறேன். துப்பாக்கி, வாள், தாவி ஓடுகிற ஆள். விரலை அழுத்துகிற வரைக்கும் ஹீரோ போய்க்கொண்டே இருப்பான். இடையில் நின்றுபோகிற ஹீரோவை நான் பார்த்ததில்லை. நின்றுபோனால் என்ன ஆகும்? யார் வருவார்கள்? அன்றைக்குச் சொறிச்சல்கூட மறந்துபோயிற்று.

சாயங்காலம் தோழி வந்ததும் சொன்னேன்.

"கோழியா ஹீரோ?" என்றாள்.

"பொம்மைக் கோழி."

"சரிட்டி. அது நின்னு போச்சுன்னா யாரு சாவி குடுப்பா?"

"அதுதான் கேமே. ஆள் தேடணும். சாவி தீர்றதுக்குள்ள யார் கிட்டயாவது போய் நிக்கணும்."

அவள் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுக் கோழியை எடுத்துத் துடைத்தாள். "பல்லி இருக்குல்லா, பல்லிக்கு என்ன பலம் இருக்கும்?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் வாங்கிவந்த கட்டம் போட்ட நோட்டில் எங்கள் அறையை வரைந்தோம். ஒரு கட்டம் ஓர் அடி. அதுதான் கேமில் முதல் அறை, மற்ற அறைகளைக் கற்பனையாகச் சேர்த்துக்கொண்டே போனோம். பல்லி வாலால் சாவிக்குக் கால் சுற்றுதான் கொடுக்கும். பூனை ஒரு சுற்று முழுசாகக் கொடுக்கும், ஆனால் கொடுத்துவிட்டு எட்டித் தள்ளும், எந்தத் திசையில் தள்ளும் என்று சொல்ல முடியாது. எறும்புகள் நாற்பது சேர்ந்தால் ஒரு சுற்று, அதற்குச் சர்க்கரையை முன்னாலேயே தள்ளி வைத்திருக்க வேண்டும். குழந்தை ஆசையாக முறுக்கி முறுக்கி ஸ்பிரிங்கை இறுக்கிவிடும், கோழி நின்ற இடத்திலேயே குதிக்கும். அதனால் குழந்தையிடம் போகலாமா வேண்டாமா என்று ஆடுகிறவர் யோசிக்க வேண்டும். ஆறாவது அறையில் இன்னொரு கோழி நின்றுபோய்க் கிடக்கும். நம் கோழியின் அலகு அதன் சாவிக்குள் சரியாகப் பொருந்தும். தனக்குக் கொடுத்துக்கொள்ள முடியாதது அடுத்ததற்குக் கொடுக்கும். அங்கிருந்து இரண்டு கோழியாக ஆட வேண்டும்.

தண்ணி ஊற்றி வேலைக்குத் திரும்பியபோது நோட்டையும் எடுத்துப் போனேன். கேண்டீனில் எங்கள் லைன் சூப்பர்வைசர் அதை எடுத்துப் புரட்டினார்.

"என்னம்மா, கோழிப்பண்ணை வைக்கப் போறியா?"

மேஜையே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். "கேம் சார். குடுங்க," என்று கையை நீட்டினேன். கொடுக்கிற வரைக்கும் நீட்டிய கையை மடக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் போட்டி என்று தெரிந்தது. வீடியோ கேமுக்கு யோசனை மட்டும் சொன்னால் போதும், யாரும் வரலாம். வெள்ளிக்கிழமை. சூப்பர்வைசரிடம் போனேன்.

"ஆர்டர் நிக்குது. லீவு கெடையாது."

"கேக்க வரல சார். வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

காலேஜ் அரங்கத்தில் என்னைத் தவிர எல்லோரும் மாணவர்கள், எல்லோரிடமும் லேப்டாப். என்னிடம் நோட்டும் கோழியும். தோழியும் லீவு போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர்கள் மூன்று பேர், பெங்களூரிலிருந்து வந்தவர்கள். மேடை மேஜையில் கோழிக்குச் சாவி கொடுத்து விட்டேன். அது நடந்தது, நின்றது. அரங்கத்தில் கொஞ்சம் சிரிப்பு.

"இதுதான் கேம்," என்று தமிழில் சொல்லி, ஓரத்தில் இருந்த நடுவருக்குத் தமிழ் வராது என்று தெரிந்ததும் கன்னடத்திலும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இரண்டும் தெரியாமல் கறிகாய் வாங்க முடியாது.

முதல் நடுவர் நோட்டை நன்றாகவே பார்த்தார். "யோசனை நல்லா இருக்கு. ஆனா ஆடறவங்களுக்கு எரிச்சல் வரும். தானா சாவி ஏறிக்கற மாதிரி ஒரு பட்டன் வைங்க. கோழிக்குப் பதிலா ஒரு ரோபோ வீரன் வைங்க."

"பட்டன் வச்சா அப்புறம் பல்லி எதுக்கு சார், எறும்பு எதுக்கு?"

"இப்ப யாருக்கும் பொறுமை கிடையாதும்மா."

"எனக்கு இருக்குது சார்."

நடுவில் இருந்த அம்மா நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அப்ப இது உங்க கதை. அடுத்தவங்க முடுக்கினாத்தான் ஓட முடியும், தீர்ந்தா ஒரு மூலையில நிக்கணும். தொழிற்சாலையில ஒரு பெண்ணோட வாழ்க்கை. அப்படித்தானே? அதை முன்னால வச்சுச் சொன்னீங்கன்னா இது எங்கியோ போயிடும்."

அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குப் புரிந்தது. கோழிக்குக் கிடைக்காத மரியாதை எல்லாம் என் கஷ்டத்துக்குக் கிடைக்கும். கூலிக்குப் போன அப்பா அம்மா, இடையில் நின்ற படிப்பு, நின்றுகொண்டே செய்கிற வேலை எல்லாம் என்னிடம் உண்டுதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல நான் வரவில்லை.

"இல்லைங்க மேடம். இது கோழி. என்னை யாரும் முடுக்கல, நானேதான் வந்தேன். நீங்க மூணாவது அறையில பூனை எப்படித் தள்ளுதுன்னு கேக்கவே இல்லியே?"

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டினாள். யாரென்று பார்க்கத் தேவையில்லை.

பூனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பரிசு, ரோபோ கண்ணிவெடி அகற்றுகிற கேம் ஒன்றுக்குப் போனது. நல்ல கேம்தான், செய்த பையன் நன்றாகப் பேசினான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், பஸ் ஸ்டாப்பில் நின்று.

"அந்தம்மா கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருந்தா என்னட்டி?" என்றாள் தோழி. திட்டவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

"கதை நம்முளுது. அது என்னான்னு அவங்க சொல்றதா?"

"அதுவும் சரிதான்," என்றாள். பஸ் வந்தது.

கம்பெனியில் என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க வயர் முனையில் டெர்மினல் என்கிற சின்னத் தகட்டை அழுத்துகிற மெஷின். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் போய் மெஷின் முன்னால் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழியின் பழைய லேப்டாப்பில், இலவசமாகக் கிடைத்த மென்பொருளை வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். முதல் இரண்டு மாதம் கோழி பின்பக்கமாகவே நடந்தது. எறும்புகள் சுவருக்குள் புகுந்து காணாமல் போயின. பல்லியை அவளே வரைந்தாள், முதலையைப் போலத்தான் இருக்கிறது, மாற்ற விடவில்லை.

இப்போது நாலு அறை முடிந்திருக்கிறது. போனில் ஓடுகிறது. காலை பஸ்ஸில் பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு ஆடுகிறார்கள். "அக்கா, சர்க்கரையைத் தள்ளினியா?" என்று முன்சீட்டிலிருந்து கேட்கிற குரல் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணுடையது.

போன வாரம் பஸ்ஸில் டேப் சுற்றுகிற லைன் அக்கா ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன்னோட நாலாவது அறையில மூணு நாளா மாட்டிக்கினு இருக்கறேன். கொஞ்சம் சுலபம் பண்ணக் கூடாதா?"

"ஐஞ்சாவது இன்னும் கஷ்டமா வரும்க்கா."

என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, போனைத் திறந்துகொண்டு சீட்டில் போய் உட்கார்ந்தார்.