எதிர்வீட்டு மாடியின் காற்றுத் துப்பாக்கி

சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்த மனுஷரின் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பேசும்போது மூக்குக்கண்ணாடியை விரலால் ஏற்றிக்கொண்டே இருப்பார். பொழுதுபோகக் காற்றுத் துப்பாக்கியால் புறா சுடுவார். அப்படிச் சுட்ட குண்டு ஒன்று என் நாயின் கண்ணைப் பறித்தது.

போலீஸைக் கூப்பிட்டேன். வந்தவர், துப்பாக்கி முனையில் மாட்டியிருந்த சைலன்சர் குழாயைக் காட்டி, "இதுக்கு அனுமதி இருக்கா?" என்று அவரைக் கேட்டார்.

"சார், இது ஏர்கன். சட்டப்படி துப்பாக்கியே கிடையாது. அப்போ இந்தக் குழாய் மட்டும் எப்படி சார் துப்பாக்கிச் சாமானாகும்?"

போலீஸ்காரர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான்தான் கேட்டேன்: "துப்பாக்கியே இல்லன்னா சத்தத்தை ஏம்பா மறைக்கிறே?"

"அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதாம்மா."

கண் போன நாயை மடியில் வைத்திருந்தவளிடம் அதைச் சொல்ல எப்படி நாக்கு வந்ததோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.