எலி கடித்த பக்கம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் நாத்தனார் பிள்ளைகள். சோறு போடும்போது யார் எது என்று நான் பார்த்ததில்லை. ஏழில் ஒருத்தி, நாலாவது பெண், நாவல் எழுதுகிறாள். போன வருஷம் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் அவளுடைய புத்தகத்தை வெளியிட்டார்கள். எனக்குப் பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். யாரோ எழுந்து, உங்களுக்குக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவிடமிருந்து என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதில் இரண்டு தப்பு இருக்கிறது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவள். மெதுவாக எழுதுவேன், மெதுவாகப் படிப்பேன். யாராவது அவசரப்படுத்தினால்தான் எழுத்து ஓடிவிடும். இரண்டாவது, கதை என்னிடமிருந்து வரவில்லை. என் அப்பாவிடமிருந்து வந்தது. அதுவும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நாவல்காரியின் மகளுடைய, என் பேத்தியுடைய, பழைய நோட்டில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும்.

கோலா சாவாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ஊரில் நாலு வகுப்பு படித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர். எங்கள் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், அதுவே பெரிய பட்டம். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் உரக்கப் படித்துச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளில் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவார். சாயங்காலம் நாலு மணிக்கு ஆயாக் கொட்டகையில் லயமே கூடிவிடும். மற்ற நாளில் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆயா பார்த்துக்கொள்ளும் இடம் அது. பழைய பேப்பர்க் கட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அப்பா தொடர்கதை படிப்பார். கதையில் மாமியார் வந்தால் குரலை மூக்கால் இழுப்பார். பெண்கள் அவரவர் மாமியாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் அம்மா அப்போது ஊருக்குப் போயிருந்தாள். தன் தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்று அவள் கப்பலேறியபோது எனக்கு ஆறு வயது. ஒன்பது வயதாகியும் அவள் வரவில்லை. கேட்டால், மழைக்காலம் முடியட்டும் என்பார் அப்பா. மழைக்காலம் முடிந்தால், அடுத்த மழைக்காலம் என்பார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். தலை பின்னுவது மட்டும் அப்பா. கோணலாகத்தான் இருக்கும்.

அந்த வருஷத் தொடர்கதையிலும் ஒரு தாய் இருந்தாள். மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறியவள். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதுதான் வாரம் முழுக்கப் பால் எடுக்கிற வெட்டுக்காட்டில் பேச்சு. நான் சொல்லுகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் படமாகப் போட்டிருந்தார்கள். காலடியில் தகரப் பெட்டியோடு துறைமுகத்தில் நிற்கிறாள். எனக்கு அது என் அம்மாவாகவே தெரிந்தது. அம்மாவின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. அப்போது எந்த முகத்தைக் காட்டியிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

அப்பா குளிக்கப் போன நேரம், பென்சில் சீவுகிற அரை பிளேடால் அந்தப் படத்தை வெட்டி எடுத்தேன். பால்மாவு டின்னுக்குள் ஒளித்தேன். பேப்பரை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். கதையின் மீதி அந்தப் படத்தின் முதுகில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு நான் வழக்கம்போல அப்பாவின் காலடியில் இருந்தேன். அவர் பக்கத்தை விரித்தார். ஓட்டை வழியாக அவருடைய மூக்கும் வாயும் தெரிந்தன. பிறகு மூக்கும் வாயும் போய், கண் வந்தது. அது என்னைப் பார்த்தது. உடனே பேப்பரைப் பாதியாக மடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மகள் தினமும் துறைமுகத்துக்குப் போகிறாள்; தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தினார். கோப்பையில் இருந்த தேத்தண்ணீரைக் கடைசிவரை குடித்தார். அப்புறம் படித்தார்.

கப்பல் வந்தது. அவள் இறங்கினாள். கையில் ஓலைக் கொட்டான், அதில் கருப்பட்டி. மகளைக் கண்டதும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்து, "யாருடி உனக்கு இப்படிக் கோணலாப் பின்னி வுட்டது?" என்று கேட்டாள். துறைமுகத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்து, அவிழ்த்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். பின்னி முடிப்பதற்குள் கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அத்தை, அடுப்பைப் பார்க்கணும் என்று பாதியிலேயே எழுந்து போனாள். அந்த நேரத்தில் எங்கள் அடுப்பில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் இருந்த ஓட்டையைப் பார்த்து, இது என்ன என்று அத்தை கேட்டாள். "எலி கடிச்சிருச்சு," என்றார் அப்பா. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

எலி ஒரு வாரம்தான் தாங்கியது. லயத்தில் எங்கள் வீட்டைத் தவிரப் பேப்பர் வருவது கிராணி வீட்டுக்குத்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் அவர். அடுத்த ஞாயிறு அவருடைய சம்சாரம், கொட்டகைப் பக்கமே வராதவர், கையில் பேப்பரோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, அவ வந்துட்டான்னு படிச்சியாமே? என் பேப்பர்ல அவ வரவே இல்ல. கப்பல்லேர்ந்து வேற யார் யாரோதான் எறங்கறாங்க."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். மண்டோர், வேலை வாங்குகிறவர், எழுந்துவிட்டார். "எங்களுக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானே ஏமாத்துன? அப்ப எங்க வீட்டுக் கடுதாசியெல்லாம்? அதும் இப்படித்தானா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கொட்டகை கொதித்தது. இத்தனை வருஷத்துக் கடிதங்களையும் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டார்கள். ஒருத்தி, என் தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்தது நிஜமா இல்லையா என்று கேட்டு அழுதாள்.

ஓட்டை விழுந்த பேப்பர் அப்பாவுக்கு அடியில்தான் இருந்தது. உருவிக் காட்டியிருந்தால் போதும். யார் வெட்டியது என்று கேட்பார்கள். ஏன் வெட்டினாள் என்று கேட்பார்கள். அவர் அசையாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"கடுதாசியில ஒரு எழுத்து மாத்துனதில்ல. இது நானாச் சொன்னது. அவளக் கூட்டியாரணும்னு தோணுச்சு."

"தோணுச்சாம் லா!" என்று யாரோ சிரித்தார்கள்.

கொட்டகையில் தொட்டிலாட்டுகிற ஆயா மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "அட வுடுங்கப்பா. எறங்கி வந்தவள மறுபடி கப்பலேத்தவா முடியும்?"

ஏற்ற முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து வாசிப்பு கிராணி வீட்டு வாசலுக்குப் போனது. அந்த அம்மா மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே குரலில் படிப்பாராம். ஆனாலும் கூட்டம் அங்கேதான். கடிதங்களும் அங்கே போயின. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டினார். வெட்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. படத்தை டின்னோடு துரு தின்றது.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து குளிப்பாட்ட வந்தபோதுதான் அத்தை சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். காய்ச்சலில் அம்மா போய்விட்டாள் என்று. ஊர்க் கடிதத்தையெல்லாம் உரக்கப் படித்தவர், அதை அத்தையிடம் மட்டும் மெதுவாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

என் மகளின் நாவலில் ஒரு தாய் செத்துப்போகிறாள். ஏன்டி சாகடித்தாய் என்று கேட்டேன். கதை அப்படிக் கேட்டது அம்மா என்றாள். கதை கேட்டால் கொடுத்துவிடுவதா? ஏழு பிள்ளை கேட்டது எல்லாவற்றையும் நான் கொடுத்துவிடவில்லை. அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் நானும் ஒவ்வொரு நாளும், அப்பா நாளைக்கு வந்துவிடுவார் என்று, இல்லாத பக்கம் படித்தவள்தான். அது பொய் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கதை கட்டினார் என்று நினைத்தேன். கொட்டகை நிறைய ஆட்கள் இருந்தும் அவர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் படித்தார் என்று தெரியவில்லை. எலி கடித்தால் ஓட்டையின் நாலு மூலையும் சதுரமாக இருக்காது என்பதுகூடத் தோன்றவில்லை.

இந்தா கண்ணு, நோட்டைப் பிடி. உங்கம்மா வருவதற்குள் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டு. சில இடத்தில் எழுத்து கலைந்திருக்கும். அங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதே. நீயாகச் சொல்லிக்கொண்டே போ.