சிவப்பாய் விழுந்த எங்கள் சவுக்கு மரங்கள்

ஐயா, அல்லது அம்மையீர், இந்தக் கோப்பைத் திறந்திருப்பவர் யாராயினும் தங்களுக்கு வணக்கம்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, காட்டெல்லையை ஒட்டிய சரிவில், தோட்ட நிர்வாகம் கைவிட்ட தேயிலையைப் பன்னிரண்டு குடும்பங்கள் பராமரிக்கின்றோம். சென்ற ஆண்டு, காட்டை அழித்தோம் என்று கூறி, நிலத்தை விட்டு வெளியேறும்படி எங்களுக்கு அறிவித்தல் வந்தது.

அதைக் கொண்டுவந்த வன உத்தியோகத்தர், எங்கள் சரிவு முழுவதும் சிவப்பு நிறமிட்ட வரைபடம் ஒன்றை விரித்தார்.

“இது ராடர் செய்மதி எடுத்த படம், பெரியவர். முகில் மூடியிருந்தாலும் அதுக்குத் தெரியும். மரம் இருந்த இடத்துல இப்ப மரம் இல்ல.”

பக்கத்து வீட்டுப் பெண்மணி விடவில்லை. “எங்க வீட்டுக்காரரும் போன வாரம் மொட்டை போட்டுக்கிட்டாருங்க. அதையும் காடழிப்புன்னு எழுதிக்குங்க, சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மரங்கள் நிற்கின்றன, ஏறி வந்து பாருங்கள் என்றேன். “இயந்திரம் பொய் சொல்லாது” என்றார், ஏறவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆயினும் அந்த இயந்திரம் என்ன சொல்லிற்று என்பதை அறியாமல் ஓய்வதில்லை என்று துணிந்தேன். ஒரு வாரம் பஸ் ஏறிக் கண்டி நூலகத்துக்குச் சென்று, அகராதியைத் துணைகொண்டு செய்மதிப் படங்களைப் பற்றிய புத்தகமொன்றை வாசித்தேன். செய்மதி அனுப்பும் அலை இலையிலும் கிளையிலும் பட்டுச் சிதறித் திரும்புகிறது. திரும்புவது குறைந்தால் மரம் குறைந்ததாகக் கொள்கிறார்கள். அவ்விடத்தில் புத்தகத்தை மூடினேன்.

பெருமழைக்கு முன்னர், நிழலுக்கு வளர்த்த, நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளை வெட்டிவிடுவது தேயிலைக்காரர் வழக்கம். வெயில் படாவிட்டால் கொழுந்தில் கொப்புள நோய் விழும். தண்டுகள் மட்டும் நின்ற வாரங்களில் செய்மதி எங்களைக் கடந்து சென்றிருக்கிறது.

அதே உத்தியோகத்தர் அடுத்த முறை வந்தபோது இதனைச் சொன்னேன். இம்முறை ஏறினார். அட்டை கடிக்கக் கடிக்க, ஒவ்வொரு மரத்திலும் கை வைக்கச் செய்தேன். கிளைகள் துளிர்த்து அடர்ந்திருந்தன.

“இயந்திரம் பொய் சொல்லலைங்க. கெளை இல்லைன்னுதான் அது சொல்லுச்சு. மரம் இல்லைன்னு எழுதினது உங்க ஆளுங்க” என்றேன்.

அவர் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். பின்னர் அறிவித்தலை மீளப்பெறுவதாக எழுதித் தந்தார். “ஆனா படத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல, பெரியவர். அது கோப்புல அப்பிடியேதான் இருக்கும்.”

அவ்வாறாயின் எங்கள் சொல்லும் அக்கோப்பில் இருக்க வேண்டும். நாளை வேறோர் உத்தியோகத்தர் அதே சிவப்பைக் காட்டி எம்மைப் பெயர்க்க வரக்கூடும். நாங்கள் பெயர மாட்டோம். வருகின்ற மழைக்கு முன்னரும் கிளை வெட்டுவோம். அதையும் இப்போதே அறிவித்துவிடுகிறேன்.

இக்குறிப்பை அப்படத்துடன் சேர்த்து வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.