செடெனாக்கில் வெள்ளை உடுத்திக் காத்திருந்த ஞாயிறு

மலாயாவில் ரப்பர் விலை படுத்துப்போய், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது. செடெனாக் தோட்டத்தில் இருந்த என் அக்கா எஸ்தருக்கு நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இந்தத் தடவையாவது நான் இருக்கும் ஜோகூர் பாருவின் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துவிடலாம் என்று கிளம்பினேன். அத்தான் தேவசகாயம் அனுப்ப மாட்டேன் என்றிருந்தார். ஊர் சுற்றும் பிரசங்கியார் ஒருவர், வருகிற ஞாயிறு விடியும்போது ஆண்டவர் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பு எழுபத்தைந்து காசு. ஏறக்குறைய முப்பது மைல். இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். எனக்குப் போகவரச் சீட்டு, அக்காவுக்குத் திரும்பிவரச் சீட்டு வாங்கினேன். ஞாயிறுதோறும் "ஆண்டவரே வாரும்" என்று ஜெபிக்கிறவன்தான் நானும். ஆனாலும் நாளைக்கே என்றால்? வராவிட்டால் அத்தான் உடைந்துபோவார். வந்துவிட்டால்? அக்கா பிள்ளை முகத்தைப் பார்த்தபிறகு வரக்கூடாதா என்று இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து தோட்டம் நாலு மைல். மாட்டு வண்டிக்கு முப்பது காசு.

"நீங்களும் மேல போறவங்களா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"இல்லண்ணே, அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க லா. அந்த வீட்டுல பாய்கூட இல்ல, எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி கட்டியிருக்கிறது உங்க அக்கா சீலைதான்."

அவர் சொன்னது மெய். லயத்து வரிசையில் அவர்கள் வீட்டில் சட்டி ஒன்று, கொடியில் நாளைக்கு உடுத்தப் புது வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, வேட்டி. அவ்வளவுதான். "பிள்ளைக்குன்னு பழந்துணி முடிஞ்சு வச்சிருந்தேன் தம்பி. அதையும் குடுத்துட்டாரு" என்றாள் அக்கா.

அத்தான் என் சீட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். "திரும்பிப் போற சீட்டு எதுக்கு மாப்ளே? நாளைக்கு எல்லாரும் ஒண்ணா இருக்கணும். மொதப் பிள்ளையை அங்கதான் பாக்கப் போறோம். இவ ஆஸ்பத்திரியில கெடந்தா நான் மட்டும் எப்படிப் போய்ப் பாப்பேன்?"

சண்டை போட வந்தவன், சீட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

ஞாயிறு விடியற்காலம், லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை உடுத்திப் பாடிக்கொண்டு நின்றோம். பனி விலகியது. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்குமேல் சூரியன் வந்தது. வேறு யாரும் வரவில்லை. ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். அத்தான் மட்டும் அண்ணாந்தபடியே இருந்தார். அப்போதுதான் அக்கா என் கையை அழுத்தினாள்.

"தம்பி, வலி."

அக்காவை வீட்டில் கிடத்திவிட்டுப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்கு ஓடி, பீடான் என்று அவர்கள் சொல்லும் மருத்துவச்சியை அழைத்துவந்தேன். அவள் வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "கைன்! கைன்!" என்று துணி கேட்டாள். துணிக்கடையில் வேலை செய்கிறவன், கையை வீசிக்கொண்டு வந்திருந்தேன். வாசலில் நின்ற அத்தான் உள்ளே வந்தார். புதுச் சட்டையைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, நீளநீளமாகக் கிழித்தார். பிறகு வேட்டியையும் ஒரு பாதி கிழித்துக் கொடுத்தார்.

உச்சிக்கு முன்னே பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். அத்தானும் அழுதார்.

"இவ பொறக்கட்டும்னு ஆண்டவர் பொறுத்தாரோ?"

"தெரியல அத்தான்" என்றேன். உண்மையாகவே தெரியாது. அவர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்போது என்று தெரியாதவன் வீட்டில் பழந்துணி இருக்கவேண்டும், அவ்வளவுதான் நான் கற்றது.

போகிறவர்களுக்கு: திரும்ப மாலை ஐந்து மணி ரயில் உண்டு. மழைநாளில் வண்டிப்பாதை சேறு, முன்கூட்டியே கிளம்புங்கள். அத்தான் வீட்டில் சாயங்கால ஜெபம் இப்போதும் நடக்கிறது, யாரும் போகலாம். "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று முன்பு லயமே அதிரக் கத்துவார். இப்போதும் அதே ஜெபம்தான், காதோடு காதாகச் சொல்கிறார். நீங்களும் மெல்லப் பாடுங்கள். பிள்ளை தூங்கும் நேரம்.