ஒரு முகம்கூட இல்லாத படம்

பள்ளி மைதானத்தின் அந்தக் கோடியில், மதில் சுவரை ஒட்டி கேமராவை நிறுத்திவிட்டு, என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. இந்தக் கோடியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், எண்ணெய் வைத்து வாரிய தலையும் தேய்த்த சட்டையுமாக. "டீச்சர், அங்கிள் கைக்கு இத்தா தூர்?" என்று ஒருத்தி கேட்டாள். எதற்கு இவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில், தெலுங்கும் உருதும் கலந்து பேசும் மாரெட்பள்ளியில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தேன். இவருக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் படமெடுக்கும் பிரிவு. என்ன எடுக்கிறார் என்று வீட்டில் சொல்லக் கூடாது. அந்தப் பழக்கம் முற்றி, வேறு எதையும்கூடச் சொல்லமாட்டார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. ஆண்டு விழாவுக்கு வகுப்பை வைத்து ஒரு குட்டிப் படம் எடுத்துத் தர முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டபோது, மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே நண்பரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மணி அடித்ததும் ஓடுவது, இவ்வளவுதான் கதை. நான்கு நிமிஷம் ஓடும் ஊமைப் படம். "ஹிலோ நக்கோ பேட்டா, அசையாம நில்லு" என்று அங்கிருந்தே கத்துவார், பிள்ளைகள் வேண்டுமென்றே அசைவார்கள், இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

படச்சுருளைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வர ஒரு மாதம் ஆயிற்று. விழாவன்று வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார். பெரிய மைதானம், ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் பிள்ளைகள். ஒரு முகமும் தெரியவில்லை. "மா பாப்ப ஏதி, டீச்சர்?" என்று ஒரு தாய் தன் மகளைத் தேடினாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். என் நாக்கில் சனி.

"கிட்டப் போய் எடுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே? இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். புரொஜக்டர் பக்கத்தில் நின்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: "ஆபீஸ்ல அப்படித்தான் எடுப்போம். பறக்கிறது போற பாதை மொத்தமும் படத்துக்குள்ள இருக்கணும், கேமராவ நகர்த்தக் கூடாது. முகம் எடுத்துப் பழக்கமில்ல." தன் வேலையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். கொஞ்ச தூரம் போனபின், "உனக்காவது யாரு யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

அது பொய். தோளைச் சாய்த்து வாளி தூக்கியவள் தபால்காரர் மகள். ஓடும்போது நிக்கரைப் பிடித்துக்கொண்டவன் பால்கடைக்காரர் பையன். முப்பத்தெட்டுப் பேரையும் நடையை வைத்தே கண்டுபிடித்திருந்தேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் ஆறியதும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பிறகு ஒரு படமும் எடுக்கவில்லை. பேச்சும் பழையபடி நின்றுபோயிற்று.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. பக்கத்தில் எல்லாம் அடுக்குமாடி வந்துவிட்டது. நான் மட்டும் அதே வீட்டில் இருக்கிறேன். எதுவானாலும் இப்போது ஒளிக்காமல் பதில் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.