கிளச் எனக்கு, கியர் அவருக்கு

பெண் பார்க்க வந்த நாளில் எங்கள் இருவரையும் தனியாகக் கதைக்க விட்டார்கள். அப்போது என் கணவர் சொன்ன முதலாவது விஷயம் இதுதான்: "எனக்குக் குடி, சிகரெட் ஒண்டும் இல்லை. கார் ஆசை மட்டும் இருக்கு. இரண்டு பேர் மட்டும் இருக்கிற, கூரையை மடிச்சுப்போட்டு ஓடுற கார். அதை இப்பவே சொல்லிப்போட்டன்."

சைக்கிளில் வந்த மனிதர். கார் ஆசையை ஒரு வியாதியைப்போல ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. ஓம் என்றேன்.

பிறகு வந்த வருடங்களில் அந்த ஆசைக்கு இடம் இருக்கவில்லை. சண்டைக் காலம், இடம்பெயர்வு, மகளின் படிப்பு என்று வாழ்க்கை வேறு வேலைகளை வைத்திருந்தது. அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்தார். வெளியே நிற்கும் பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வந்து சரியான இடத்தில் நிறுத்தும் வேலை. நான் ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவப் பிரிவில் இருந்தேன். உடைந்ததையும் பிசகினதையும் மறுபடி அசைய வைப்பது என் வேலை. அன்புவழிபுரத்து வீட்டின் அலுமாரிக் கதவில் மட்டும், உட்பக்கமாக, ஒரு சஞ்சிகையிலிருந்து வெட்டிய கார்ப் படம் ஒட்டியபடியே கிடந்தது. சேலை எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும்.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி படகின் தளத்தில் அவர் விழுந்துவிட்டார். இடது முழங்கால் உடைந்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தாலும் முழங்கால் பழையபடி மடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நான்தான் அதை மடித்தேன், நீட்டினேன், அவர் திட்டத் திட்ட மறுபடி மடித்தேன். நடப்பார், படி ஏறுவார், கோயிலுக்கு வருவார். அதற்குமேல் அந்தக் காலிடம் கேட்க ஏலாது. வீட்டில் ஒரு சின்ன ஓட்டோ கியர் கார் வாங்கினோம். இடது காலுக்கு அதில் வேலை இல்லை. அவர் அதைக் கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பெட்டியை எடும், சந்தைக்குப் போவம்" என்பார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வெயிலில் வியர்த்து ஓடிவந்தார். நடந்துதான் வந்தார், ஆனால் முகம் ஓடி வந்தது.

"இஞ்சேர், கிண்ணியாவில வாகனம் விக்கிற ஒருத்தரிட்ட அந்தக் கார் இருக்காம். ஒண்டில்லை, ரெண்டு. வெள்ளி நிறம் ஓட்டோ கியர். நீலம் மனுவல்."

"அப்ப வெள்ளியைப் பாப்பம்" என்றேன்.

"நீலம்" என்றார்.

"உங்கட முழங்கால்?"

"முழங்கால் என்ர. நான் பாத்துக்கொள்ளுவன்."

"அது என்ர பேஷண்ட்" என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. கியரைக் கையால் மாற்றாவிட்டால் அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, வேகமான கதிரை என்று அவர் வாதாடினார். கிளச்சை மிதிக்கக் கால் வேண்டும் என்று நான் வாதாடினேன். கொழும்பிலிருக்கும் மகளைத் தொலைபேசியில் எடுத்து நடுவராக வைத்தோம். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, பேசாம ஓட்டோவையே எடுங்கோ."

"ஓட்டோவா? அது சந்தியில நிக்குது பிள்ளை. கை காட்டினா வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே வெகுநேரம் சிரித்தார்.

சனிக்கிழமை காலை கிண்ணியாவுக்குப் போனோம். வியாபாரி நாற்பதைத் தாண்டிய, சுறுசுறுப்பான மனிதர். "வாங்க அண்ணன், வாங்க அக்கா" என்று தேநீர் தந்து, இரண்டு காரின் திறப்புகளையும் மேசையில் வைத்துவிட்டார். "ரெண்டையும் ஓடிப் பாருங்க. கார்தான் உங்களுக்குச் சொல்லும். நான் சொல்லத் தேவையில்ல."

முதலில் வெள்ளி. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கூரையை மடித்துவிட்டு கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். கார் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குலுக்கம் இல்லை, ஒரு முனகல் இல்லை.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு."

என் அம்மா வைக்கும் பாகற்காய்க் கறியையும் அவர் இதே குரலில், இதே சொல்லால்தான் புகழுவார்.

அடுத்தது நீலம். கதவைத் திறந்து, உடலை இறக்கி, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். அந்த மாதிரிக் கார்களில் இருக்கை நிலத்தோடு ஒட்டியிருக்கும். கிளச்சில் பாதத்தை வைத்து அழுத்தினார். பாதிவரை போனது. அதற்குமேல் போகவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுத்தார், பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். மறுபடி அழுத்தினார். காதோரம் வியர்வை இறங்கியது. வியாபாரி நல்ல மனிதர். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ கதைப்பதுபோல மதில் பக்கம் போய்விட்டார்.

"வெள்ளியை எடுப்பம்" என்றார் என் கணவர், மெதுவாக. "ரெண்டும் ஒரே கார்தானே."

கிழமை முழுக்க நான் கேட்டது அதைத்தான். வென்றுவிட்டேன். ஆனால் அவருடைய இடது கை இன்னும் கியரின் உருண்டைத் தலையைப் பொத்திப் பிடித்தபடியே இருந்தது. மகள் பிறந்தபோது அவளுடைய தலையை அப்படித்தான் பிடித்தார். எனக்கு அந்த வெற்றி வேண்டாம் போலிருந்தது.

"இறங்குங்கோ. அங்கால போய் இருங்கோ. நான் ஓடிப் பாக்கப்போறன்."

"நீரா? கியர் கார் தொட்டு எத்தினை காலம்?"

"லைசன்ஸ் கியர் காரிலதான் எடுத்தனான்" என்றேன். எடுத்த பிறகு அப்படி ஒரு காரைத் தொடவே இல்லை என்பதை அவர் அறிவார்.

கிளச்சை விட்டேன். கார் தவளைபோல ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றது. மறுபடி எடுத்தேன். மறுபடி பாய்ந்தது. முற்றத்தில் மேய்ந்த கோழிகள் சிறகடித்துக்கொண்டு மதிலேறின. வியாபாரி தொலைபேசியை மறந்துவிட்டு, "அக்கா, மெல்ல விடுங்க, மெல்ல" என்று கையால் காற்றை அமுக்கிக் காட்டினார். மூன்றாவது முறை கார் உருண்டது. வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டோம்.

வந்தபிறகுதான் சிக்கல். வீதியைப் பார்த்தால் கை கியரைக் கண்டுபிடிக்கவில்லை. கியரைக் குனிந்து பார்த்தால் எதிரே வருகிற லொறி தெரியவில்லை. முதலாம் கியரிலேயே எஞ்சின் கதறியது.

"கையை எடும்" என்றார். "ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில வையும். நீர் கிளச்சை மட்டும் பாரும். மிதிச்சதும் 'ம்' எண்டும். கியர் என்ர வேலை."

எங்களுடைய கார்களில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பார். கியர் இருவருக்கும் நடுவில். அவருடைய வலது கை வந்து அதன்மேல் இருந்தது.

மிதித்தேன். "ம்."

இரண்டாம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. "ம்." மூன்று. கிண்ணியாப் பாலம் எங்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. "ம்" என்றேன். நான்கு. கூரை இல்லாத தலைக்குமேல் காற்று இரைந்தது. என் கொண்டை அவிழ்ந்து தலைமுடி அவருடைய வாய்க்குள் போனது. பாலத்தின் இரு பக்கமும் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் "ஹோய்!" என்று கத்தினார். இழுவைப்படகில் கயிறு வீசும்போது அப்படிக் கத்துவார்கள் என்று பிறகு சொன்னார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பாலத்தின் மறுகரையில் காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

"இதை எடுத்தா நான் ஒருநாளும் தனிய ஓட ஏலாது" என்றார்.

"ஓம்" என்றேன். "பொய் சொல்ல மாட்டன். அந்த முழங்கால் இதுக்குமேல மடியாது. வெள்ளியை எடுத்தா நினைச்ச நேரம் நினைச்ச இடத்துக்கு நீங்களே ஓடலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தனிய எங்க போறது?" என்று கேட்டார். உண்மையாகவே விடை தேடுகிற மனிதரைப்போலக் கேட்டார். பிறகு சிரித்தார். "நான் ஒரு கப்பலும் தனிய இழுக்கேல்லை. மேல ஒருத்தன் திருப்புவான், கீழ ஒருத்தன் எஞ்சினைப் பாப்பான், நான் கயிறோட நிப்பன். கப்பல் வந்து சேர்ந்தது எண்டால் மூண்டு பேரும் கொண்டுவந்ததுதான்."

இந்த இடத்தில் என் பக்கத்தையும் சொல்லவேண்டும். கணவனுக்காக விட்டுக்கொடுத்த மனைவி என்று பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பாலத்தின் நடுவில், நான்காம் கியர் விழுந்த அந்தக் கணத்தில், அந்தக் கார் எனக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது. என் இடது பாதம் கிளச்சைக் கண்டுபிடித்து மெல்ல மேலே விட்டபோது, கால் ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொண்டதுபோல இருந்தது. இன்னொரு முறை செய்து பார்க்க ஆசையாக இருந்தது.

"நீலம்" என்றேன்.

"நீலம்" என்றார்.

முற்றத்துக்குத் திரும்பியபோது வியாபாரி எங்கள் முகத்தைப் பார்த்தார். வெள்ளிக் காரின் திறப்பை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

கார் வீட்டுக்கு வந்த மறுநாள் பூசை முடிய, எங்கள் மாதா கோயில் முற்றத்தில் ஃபாதர் காரை ஆசீர்வதித்தார். தீர்த்தம் தெளித்துவிட்டு, "ஆர் சாரதி? அவருக்கும் கொஞ்சம் தெளிக்க வேணும்" என்றார். நாங்கள் இருவரும் தலையைத் தாழ்த்தினோம். விளக்கம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கலியாணம் கட்ட முந்தி என்ர வகுப்புக்கு வாற பிள்ளையளை உங்கட காரில ஏத்தி அனுப்ப வேணும். ஆனா பின் சீட் இல்லை" என்றார்.

எல்லாம் உடனே சரிவந்துவிடவில்லை. உள்துறைமுக வீதி சமதரை. அங்கே நாங்கள் ராசா ராணி. உவர்மலை ஏற்றம் வேறு கதை. ஒருநாள் பின்னேரம் பாதி ஏற்றத்தில் போகும்போது மான் கூட்டம் வீதிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் மான்கள் கோட்டையை விட்டு இறங்கி நகரம் முழுவதும் திரியும். பஸ் நிலையத்தில்கூட நிற்கும். ஒரு கிளைக்கொம்பன் நடுவீதியில் நின்று எங்களை ஆறுதலாகப் பார்த்தது. நிறுத்தினேன். அது நகர்ந்தபோது எனக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வான்கள், மோட்டார் சைக்கிள்கள்.

ஏற்றத்தில் நின்ற காரைக் கியரில் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். கிளச்சை விட்டால் நிற்கிறது, விடாவிட்டால் பின்னால் உருள்கிறது.

"கை பிரேக் என்ர கையில இருக்கு" என்றார் அவர். "நீர் எஞ்சினைக் கேளும். சத்தம் தாழேக்க சொல்லும்."

"விடவேண்டாம்... பொறுங்கோ..."

பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். கார் நின்றுபோனது. மறுபடி எடுத்தேன். கிளச்சை ஒரு இழை உயர்த்தினேன். எஞ்சினின் குரல் தடித்தது, காரின் மூக்கு லேசாக நிமிர்ந்தது.

"ம்!"

அவர் பிரேக்கை விட்டார். கார் பின்னால் போகாமல், பாயாமல், நேராக மேலே ஏறியது. வீதியோரம் வெள்ளைச் சீருடையில் நின்ற பெண் பிள்ளைகள் கை தட்டினார்கள். என் கணவர் ஊர்வலத்தில் வருகிறவரைப்போல அவர்களுக்குக் கை அசைத்தார்.

ஓடி ஓடி எனக்குப் பழகிவிட்டது. வெருகலுக்கு முதன்முதலாக நெடும்பயணம் போனபோது, மூதூர் தாண்டி வயல்வெளிக்குள் வீதி நேராக விரிந்தது. நாங்கள் மகளைப் பற்றி ஏதோ கதைத்துக்கொண்டிருந்தோம். கதையோடு கதையாக என் கை இறங்கிக் கியரை மாற்றிவிட்டது. நானே கவனிக்கவில்லை. அவர் பேச்சை நிறுத்தியபிறகுதான் புரிந்தது. அவருடைய கை மடியில் சும்மா இருந்தது.

"இனி நான் தேவையில்லைப்போல" என்றார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "எனக்கு மாத்தத் தெரியும். உங்களைப்போல மாத்தத் தெரியாது. நான் மாத்தினா வண்டி ஒருக்கா இடிக்குது, கேக்கேல்லையா?"

அவர் காது கொடுத்தார். நான் வேண்டுமென்று செய்யாமல், நிஜமாகவே மோசமாக, அடுத்த கியரைப் போட்டேன். கறுக் என்றது.

"ஐயோ, கையை எடும்! கியர் பெட்டியை உடைக்கப்போறீர்!" என்று பாய்ந்து பிடித்துக்கொண்டார். வெருகல் வரைக்கும் விடவில்லை. ஆற்றங்கரையில் கொண்டுபோன இடியப்பத்தையும் மீன் சொதியையும் சாப்பிட்டோம். அங்கே இருக்கிற கோயிலுக்கு வந்தவர்கள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். இது ஓட்டோவா மனுவலா என்று ஒருவர் கேட்டார். "ரெண்டுமில்லை" என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது மூதூருக்குக் கிட்ட மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்தால் ஒரு பக்கத்துக் கொளுக்கி மாட்டவே இல்லை. அவர் இழுக்க, நான் தள்ள, மழை இருவருடைய கழுத்துக்குள்ளாலும் இறங்கியது. கடைசியில் சிரிப்பில் இருவருக்கும் கை சோர்ந்துவிட்டது. கூரையை விட்டுவிட்டு நனைந்தபடியே ஓடினோம். மழைக்குள் "ம்" கேட்காததால் நான் கத்தினேன், அவரும் பதிலுக்குக் கத்திக்கொண்டே கியரைப் போட்டார்.

வீதியோரத் தேநீர்க்கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எங்கள் கோலத்தையும், இருக்கையில் குளம்போல நின்ற தண்ணீரையும் பார்த்தார்.

"இவ்வளவு வடிவான காரை வாங்கின நீங்க, கூரையையும் சேத்து வாங்கியிருக்கலாமே" என்றார்.

என் கணவருக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. அந்த அம்மா உள்ளே போய்த் தலை துவட்ட இரண்டு துவாய்களைக் கொண்டுவந்து தந்தார். இஞ்சி போட்ட சூடான பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, மழை விடட்டும் என்று நாங்கள் அங்கேயே இருந்தோம்.